ஈராசிரியர் பள்ளிக்கு ஒரே நாளில் இரண்டு அழைப்பு

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் கடைசியாக மேற்பார்வையாளராக இருந்த வட்டார வள மையத்தில் இப்போது ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறாளாம். என்னோடு வேலை பார்த்தவள் இல்லை. யாரிடமோ எண் வாங்கியிருக்கிறாள்.

"மேடம், ஒரு சந்தேகம். ரெண்டே டீச்சர் இருக்கிற ஸ்கூல்ல இருந்து ரெண்டு பேரையும் ஒரே நாள் பயிற்சிக்குக் கூப்பிடச் சொல்றாக. நீங்க இருந்தப்ப அப்படிக் கூப்பிட மாட்டீகளாமே. அதுக்கு உத்தரவு ஏதும் இருக்கா?"

"உத்தரவு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"அப்புறம் ஏன் மேடம் கூப்பிடல?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கோபத்தில் வார்த்தை கோவையாக வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை ஒருத்தி கேட்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம். "எழுதி அனுப்புறேன்" என்று வைத்துவிட்டேன். அவளுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. மற்றவர்களும் படிக்கட்டும்.

எனக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம். அய்யாவுக்கு மிளகாய் விவசாயம். பி.எட். முடித்து, பள்ளிக்கூடத்தில் சில வருடம் அறிவியல் நடத்தி, பிறகு ஆசிரியர் பயிற்றுநராகிக் கடலோரத்துக்கு வந்தேன். அங்கேயே மேற்பார்வையாளரும் ஆனேன். ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி நடத்துவதுதான் எங்கள் வேலை. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஹால், ஒரு மைக், பதினோரு மணிக்கு டீ. வாத்தியார்கள் ஜாலியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிற நாள்.

நான் திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் பார்ப்பது யார் வர வேண்டும் என்பதை அல்ல. யார் வரக்கூடாது என்பதை. கடலோரத்தில் பாதிக்கு மேல் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கு வந்தால் மற்றவர் பள்ளியில் இருந்தே ஆக வேண்டும். அதனால் எந்தப் பயிற்சியானாலும் இரண்டு பிரிவு. முதல் பிரிவில் ஒருவர், அடுத்ததில் மற்றவர். வருகிறவர் பெயருக்குப் பக்கத்திலேயே அன்றைக்குப் பள்ளியில் இருக்கப்போகிறவர் பெயரையும் எழுதுவேன். அந்த இடம் காலியாக இருந்தால் அந்தப் பள்ளிக்கு அழைப்பு போகாது. ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தால் மற்றவரைக் கூப்பிட மாட்டேன். நானே அந்தப் பள்ளிக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன்.

அடுத்து தேதி. தர்கா சந்தனக்கூடு, ஊர்ப் பொங்கல், மழையில் கடற்கரைப் பாதை அறுத்துக்கொள்ளும் நாட்கள் எல்லாம் விலக்கு. அடுத்து இடம். காலை பஸ்ஸில் கிளம்பினால் நேரத்துக்கு வந்து சேர முடிகிற ஊராக இருக்க வேண்டும். பெண்கள் கழிப்பறைக்கு உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். நானே முன்கூட்டிப் போய், உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டுப் பார்ப்பேன். சிரித்தவர்கள் உண்டு. பெரும்பாலும் ஆண்கள்.

பாடம் என்ன என்பது இதற்கெல்லாம் பிறகுதான். மேலிருந்து வருகிற பயிற்சிக் கட்டகங்களை எழுதியவர்கள் ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிற உலகத்தில் வாழ்கிறவர்கள். எங்கள் ஆசிரியர்கள் கேட்டது ஒன்றுதான். "ஒரே ரூம்ல மூணு வகுப்ப வச்சுக்கிட்டு எப்படி மேடம் பாடம் நடத்துறது?" இதற்கு எந்தக் கட்டகத்திலும் பதில் இல்லை. ரஹ்மத் நிஷாவின் வகுப்பில் இருந்தது.

நிஷா டீச்சர் கீழக்கரைக்காரர். கணவர் துபாயில். திருப்பாலைக்குடிக்குப் போகிற வழியில், கடலை ஒட்டிய ஒரு சிறிய குடியிருப்பில் ஈராசிரியர் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிப்பிகளைப் பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வகுப்பு ஜோடி ஜோடியாக வாசிக்கும். அவர் மூன்றாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் காது மூன்று பக்கமும் இருக்கும். "மாரி, அது 'ல' இல்ல, 'ள'. நாக்க மடக்கு" என்று திரும்பாமலே சொல்வார். ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை வரவழைத்து, மற்ற ஆசிரியர்களை அந்த வகுப்பின் சுவரோரம் உட்கார வைத்தேன். பேச்சு கிடையாது, மைக் கிடையாது. பார்த்தார்கள். கேள்வி கேட்டார்கள். என் பணிக்காலத்தில் நடத்திய பயிற்சிகளில் உருப்படியானது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாவட்ட அளவில் பயிற்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியைக் குணசேகர் என்று வைத்துக்கொள்வோம். கத்த மாட்டார். ஒருமையில் பேச மாட்டார். எதைச் சொல்வதானாலும் முதலில் "மேடம், சாப்பிட்டீங்களா?" என்பார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பின்கழுத்தில் வைத்துக்கொள்வார். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை புன்னகையோடு கேட்பார். முடித்ததும், அந்தப் பேச்சே நடக்காதது போல, தான் முதலில் சொன்னதையே திரும்பச் சொல்வார். அவரோடு சண்டை போட முடியாது. தலையணையைக் குத்துகிற மாதிரிதான்.

அந்த வருடம் மார்ச் மாதம் அவர் கூப்பிட்டார்.

"மேடம், சாப்பிட்டீங்களா? அடுத்த வாரம் பயிற்சி இருக்குல்ல. அத ரெண்டு பிரிவா வைக்க வேணாம். நிதியாண்டு முடியுது. ஒரே நாள்ல முடிச்சிருங்க."

மாணவர் மதிப்பெண்ணைச் செல்போன் செயலியில் எப்படி ஏற்றுவது என்பதுதான் பயிற்சி. ஒரு டீக்கடையில் நின்றபடி சொல்லிக்கொடுத்துவிடலாம்.

"சார், இங்க பாதிக்கு மேல ரெண்டு டீச்சர் ஸ்கூலு. அன்னைக்குப் பள்ளிக்கூடத்த யாரு பாப்பாக?"

"பக்கத்து ஸ்கூல்ல இருந்து ஆள் போடச் சொல்லுங்க."

"பக்கத்து ஸ்கூல்லயும் ரெண்டே டீச்சர்தான் சார். அவுகளும் பயிற்சிக்குத்தான வருவாக."

"ஒரு நாள்தான மேடம். பிள்ளைக எங்க ஓடிப்போயிறப் போகுது? ஒரே நாள்ல முடிச்சிருங்க."

"எழுத்துல குடுங்க சார்."

சிரித்தார். "நமக்குள்ள எழுத்து எதுக்கு மேடம்?"

மாலையில் தலைமை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. அனைத்து ஆசிரியர்களும் தவறாது கலந்துகொள்ள வேண்டும். கலந்துகொள்ளாதவர்களிடம் விளக்கம் கோரப்படும். கடைசியில் ஒரு வரி: பள்ளிக்கு உரிய மாற்று ஏற்பாட்டைத் தலைமை ஆசிரியரே செய்துகொள்ள வேண்டும்.

இல்லாத ஆளை எங்கிருந்து ஏற்பாடு செய்வது? அந்த வரியை எழுதியவருக்கும் இது தெரியும். நாளை ஏதாவது நடந்தால் தன் தலையைத் தப்புவிக்க எழுதிய வரி அது. இப்படி ஒரு வரி எழுதக் கற்றுக்கொள்வதைத்தான் இவர்கள் நிர்வாகத் திறமை என்கிறார்கள்.

நிஷா டீச்சர் போன் செய்தார். "மேடம், எங்க முருகேசன் சார் மட்டும் பயிற்சிக்கு வரட்டும். நா இங்கனயே இருந்துக்கிறேன். சத்துணவு அமைப்பாளரும் லீவு. பிள்ளைகள யாருகிட்ட விட?"

"இருங்க டீச்சர். கேட்டா நான் பதில் சொல்றேன்" என்றேன். மற்ற ஈராசிரியர் பள்ளிகளுக்கும் அதையேதான் சொன்னேன். துணிந்தவர்கள் சிலர், பயந்தவர்கள் பலர்.

பயிற்சி அன்று காலை குணசேகர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, வராதவர்கள் யார் என்று எங்கள் மையத்தில் கணினி பார்க்கிற பெண்ணிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி நெருங்கும்போது, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நிஷா டீச்சர் உள்ளே வந்தார்.

"ஏன் டீச்சர் வந்தீங்க?"

"ஆபீஸ்ல இருந்து போன் மேல போன் மேடம். பன்னெண்டு மணிக்குள்ள வரலைன்னா மெமோன்னாக. நீங்க சொன்னத சொன்னேன். 'மேடமா உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாக'ன்னு கேட்டாக. சமையல்காரப் பாண்டியம்மாட்ட பிள்ளைகள விட்டுட்டு ஆட்டோ பிடிச்சு வந்தேன்."

"கையெழுத்துப் போட்டீங்கள்ல? இப்பவே கிளம்புங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் கிளம்பினார். வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் முருகேசன் சாரின் போன் அடித்தது. அவர் அந்தப் பள்ளியின் உதவி ஆசிரியர். அதிகம் பேசாத மனிதர். போனைக் காதில் வைத்தவர் அப்படியே எழுந்து வெளியே ஓடினார்.

அங்கே பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் தட்டோடு சமையலறை வாசலில் முண்டியிருக்கிறார்கள். வரிசையில் நிறுத்த ஆள் இல்லை. பாண்டியம்மாள் ஒற்றை ஆளாகச் சாம்பார் அண்டாவை இறக்கியிருக்கிறார். பின்னால் இருந்த பிள்ளைகள் தள்ள, முன்னால் நின்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளை வினிதா அண்டாவின் மேல் சாய்ந்துவிட்டாள். இடது கை, தோள், தொடை எல்லாம் வெந்துபோனது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு நாங்கள் போனபோது குழந்தையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அழுகைச் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. அம்மா செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். நண்டு பதப்படுத்துகிற கம்பெனியிலிருந்து வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தாள். அப்பா கடலுக்குப் போயிருந்தார். இன்னும் கரை திரும்பவில்லை. நிஷா டீச்சரைப் பார்த்ததும் செல்வி எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்க போனீக டீச்சர்? எம்பிள்ளைய விட்டுட்டு எங்க போனீக? ஒங்கள நம்பித்தான விட்டுட்டுப் போறோம்?"

 "யா அல்லா, யா அல்லா" என்றபடியே நின்றார் நிஷா டீச்சர். நான் குறுக்கே போய்ச் சொல்ல நினைத்தேன். அந்த நேரத்தில் அந்தத் தாயிடம் வாட்ஸ்அப் செய்தியைப் பற்றியா பேச முடியும்? இரவோடு இரவாகக் குழந்தையை மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாளே நிஷா டீச்சர் சஸ்பெண்ட். மாற்று ஏற்பாடு செய்யாமல் பள்ளியை விட்டு வெளியேறினாராம். பாண்டியம்மாளையும் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். குணசேகர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"மேடம், சாப்பிட்டீங்களா? பாவம் அந்தப் பிள்ளை. மனசே சரியில்ல." கைக்குட்டையைக் கழுத்தில் வைத்துக்கொண்டார். "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. ஒரு அறிக்கை மட்டும் குடுங்க. ஒருத்தர் பள்ளியில இருக்கணும்னு நீங்க முன்னாடியே அறிவுறுத்தினீங்க, அந்தம்மா கேக்காம வந்துட்டாங்கன்னு."

அதில் பாதி உண்மை என்பதுதான் அந்த ஆளின் சாமர்த்தியம். நான் இருக்கச் சொன்னேன், அவர் வந்தார். நடுவில் போன் போட்டு மிரட்டியது யார் என்பது மட்டும் அதில் இருக்காது.

"வரச் சொன்னது யாருன்னும் சேத்து எழுதுறேன் சார்."

"அது எதுக்கு மேடம்? அறிக்கை சின்னதா இருக்கட்டும்."

"பெருசாத்தான் சார் இருக்கும்."

அப்போதும் புன்னகைதான். "உங்க இஷ்டம் மேடம். ரிட்டயர்மெண்ட்டுக்குக் கொஞ்ச வருஷம்தான இருக்கு? பாத்துக்கங்க."

நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் என்னிடம் போனில் பேசியது, ஒரே நாளில் வைக்காதீர்கள் என்று நான் மறுத்தது, அவருடைய அலுவலகத்திலிருந்து அன்று காலை போன் போனது, எல்லாவற்றையும். அதன் நகலை அவருக்கு மேலே இருந்தவர்களுக்கும் அனுப்பினேன். எங்கிருந்தும் பதில் வரவில்லை. விசாரணை நடக்கிறது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் முருகேசன் சார் மட்டும் தனியாக ஐந்து வகுப்பைப் பார்த்தார்.

கோடை விடுமுறையில் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுச் செல்வியின் வீட்டுக்குப் போனேன். வினிதா வாசலில் நிழலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை நீட்ட வரவில்லை. தோல் இழுத்துப் பிடித்திருந்தது. செல்வி என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று காலை டீச்சர் பள்ளியில்தான் இருந்தார், போன் வந்தது, மிரட்டினார்கள், வந்தார், கையெழுத்துப் போட்டதும் திரும்பக் கிளம்பி வாசலில் நின்றார் என்று.

செல்வி மகளின் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப டீச்சரு தானாப் போகலையா? கூப்பிட்டுத்தான் போனாகளா?"

"கூப்பிட்டுத்தான் போனாக."

"இத ஏன் எங்ககிட்ட யாருமே சொல்லல?"

அவள் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

பள்ளி திறந்தது. ஜூலையில் அடுத்த பயிற்சி. குணசேகரிடமிருந்து அதே உத்தரவு: ஒரே நாள், அனைவரும், மாற்று ஏற்பாடு தலைமை ஆசிரியர் பொறுப்பு. ஒரு வார்த்தை மாறவில்லை. ஒரு குழந்தை வெந்துபோன பிறகும் அந்தச் செய்தியில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

அன்று மாலை முருகேசன் சார் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"மேடம், பயிற்சி நடக்குற இடத்துக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு எங்கயாச்சும் உத்தரவு இருக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நான் பார்த்த வரைக்கும் இல்ல சார்" என்றேன்.

"பெத்தவுககிட்ட கேட்டுட்டேன். அவுகளும் கூட வாரேன்னுட்டாக. இன்னும் சில ஸ்கூல்லயும் பேசியிருக்கோம்."

பயிற்சி அன்று முதலில் வந்தது ஒரு மீன் வண்டி. கழுவிவிட்ட வண்டிதான், ஆனாலும் வாசம் போகவில்லை. அதிலிருந்து முருகேசன் சாரின் பிள்ளைகள் இறங்கினார்கள். கையில் தட்டு, தோளில் பை. கூடவே அம்மாமார்கள். பிறகு ஷேர் ஆட்டோக்கள். பிறகு அடுத்த ஊர்ப் பிள்ளைகள், வரிசையாக நடந்து. ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளைகள் ஹால் தரையில் வகுப்பு வாரியாக உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு டீச்சர் வாய்ப்பாடு சொல்லச் சொல்ல, கூரை அதிர்ந்தது. பயிற்சி நடத்தக் கருத்தாளராக வந்திருந்தவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தொடங்கிவைக்க வந்த குணசேகர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மேடம் இது?"

"மாற்று ஏற்பாடு சார்" என்றார் முருகேசன். நான் வாயைத் திறக்கவே இல்லை.

"விளையாடுறீங்களா? யாரு அனுமதி குடுத்தது?"

அப்போது அம்மாமார்கள் பக்கத்திலிருந்து செல்வி எழுந்து வந்தாள். வினிதாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஹாலைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க டீச்சரு அன்னைக்கு இங்கனதான் வந்தாகளா?"

 வாய்ப்பாடு நின்றுவிட்டது.

"அவுகளுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டது யாரு? நீங்களா?"

குணசேகர் அந்தத் தாயைப் பார்க்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "மேடம், இவங்கள எல்லாம் வெளிய..." என்று ஆரம்பித்தார்.

"நா ஒங்களத்தான கேக்குறேன்" என்றாள் செல்வி. குரலை உயர்த்தவில்லை. "எம்பிள்ளைக்கு இனிமே கை நீளாதுன்னுட்டாக. அத வச்சுக்கிட்டுக் கேக்குறேன். கூப்பிட்டது நீங்களா இல்லையா?"

கைக்குட்டை அவர் கையில்தான் இருந்தது. கழுத்துக்குப் போகவில்லை. சிரிக்கவும் முடியவில்லை.  கடைசியில், "பாதிப் பேர ஸ்கூலுக்கு அனுப்பிச்சிருங்க மேடம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார். பிள்ளைகள் தங்கள் ஆசிரியர்களோடு வந்த வண்டிகளில் ஏறித் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரைக்கும் இரண்டு பிரிவுதான். ஆனால் உத்தரவு என்று ஒன்று வரவே இல்லை. ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா? நிஷா டீச்சரை மழைக்காலத்துக்கு முன்பு மீண்டும் வேலையில் சேர்த்தார்கள். எச்சரிக்கப்பட்டு மீண்டும் பணியில் அனுமதிக்கப்படுகிறார் என்று எழுதியிருந்தார்கள். அவர் நேரில் போய், "எதுக்கு எச்சரிக்கை?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. பாண்டியம்மாளைக் கடைசிவரை சேர்க்கவே இல்லை. அவர் இப்போது நண்டுக் கம்பெனிக்குப் போகிறார் என்று கேள்வி.

என்னைக் கடலோரத்திலிருந்து உள்ளே, வறண்ட பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். நிர்வாக நலன் கருதி. குணசேகர் பதவி உயர்ந்தார். மீண்டும் அறிவியல் நடத்திக்கொண்டு அந்தப் பள்ளியிலேயே நான் ஓய்வு பெற்றேன்.

பணி நிறைவு விழாவுக்குக் குணசேகரையும் அழைத்திருந்தார்கள். என்னைக் கேட்காமல்தான். மேடையில் பேசினார். மேடத்தின் அர்ப்பணிப்பு, நேர்மை, அவரோடு பணியாற்றிய நாட்கள் என் பாக்கியம் என்றார். கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் கூடத் தட்டினார். அவருக்கு அந்த ஆளின் முகம் தெரியாது. பிறகு குணசேகர் பொன்னாடையை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"சாப்பிட்டீங்களா மேடம்?" என்றார் மெல்ல.

"சார், அந்தப் பிள்ளை பேரு ஞாபகம் இருக்கா?"

அதே புன்னகை. "எந்தப் பிள்ளை மேடம்?"

போட்டோ எடுக்கிறவர் கீழேயிருந்து கேமராவைத் தூக்கினார். "மேடம், கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க" என்றார். பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியர் என் கையைத் தொட்டு, "எந்திரிங்க மேடம், எல்லாரும் பாக்குறாக" என்றார். குணசேகர் பொன்னாடையைப் பிடித்தபடியே நின்றார். ஒருமுறை கேமராவைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.